செல்ஃப் எடுக்கவில்லையா? ஜேசிபி, பொக்லைன், டிப்பர் ஸ்டார்ட்டிங் கோளாறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டார்ட்டர் மோட்டாரை நம் பட்டறைகளில் யாரும் ஸ்டார்ட்டர் என்று சொல்வதில்லை, செல்ஃப்தான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலையில் எனக்குத் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. பெரும்பாலும் போனில் வரும், அதுவும் வண்டி சைட்டில் நின்றுபோய், பின்னால் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில்.

சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்கவில்லை. முதலில் எதைக் கழற்றுவது?

எதையும் கழற்ற வேண்டாம். ஹெட்லைட்டைப் போடுங்கள். ஒரு ஆளை வண்டிக்குப் பக்கவாட்டில், லைட் தெரிகிற தூரத்தில் நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.

லைட் அப்படியே பளிச்சென்று எரிகிறது, சத்தமே இல்லை என்றால் செல்ஃபுக்குக் கட்டளையே போகவில்லை. சாவி ஸ்விட்ச், ஃப்யூஸ், ஸ்டார்ட் ரிலே, நியூட்ரல் ஸ்விட்ச், சோலனாய்டுக்கு (செல்ஃபோடு இருக்கும் காந்த ஸ்விட்ச்) போகும் சின்ன வயர் என்று அந்தப் பக்கம் பாருங்கள். லைட் பளிச்சென்று இருக்கிறது, ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் கேட்கிறது என்றால் சோலனாய்டு இழுத்துவிட்டது, ஆனால் மோட்டாருக்குக் கரண்ட் சேரவில்லை. சோலனாய்டு காண்டாக்ட் எரிந்திருக்கும், அல்லது கார்பன் பிரஷ் தேய்ந்து தொடாமல் இருக்கும், அல்லது எர்த் (கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி) போயிருக்கும். லைட் மங்கி அணைகிறது என்றால் பேட்டரி, டெர்மினல், இல்லாவிட்டால் இன்ஜினோ செல்ஃபோ இறுகியிருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். பல வண்டிகளில் லைட்டுக்குப் போகும் மெயின் வயரே செல்ஃபின் பெரிய போல்ட்டில் இருந்துதான் எடுக்கப்பட்டிருக்கும். பேட்டரியில் இருந்து செல்ஃபுக்கு வரும் கேபிள் கெட்டிருந்தாலும் அங்கே லைட் அணையும். பேட்டரிமேல் பழி விழும்.

‘டக டக டக டக’ என்று அடிக்கிறதே, சோலனாய்டு போச்சா?

பாதிக்கு மேல் அதுவாக இருக்காது. சோலனாய்டுக்குள் இரண்டு காயில் உண்டு. ஒன்று பிளஞ்சரை, அதாவது உள்ளே நகரும் இரும்புத் தண்டை இழுக்க, இன்னொன்று இழுத்ததைப் பிடித்து வைக்க. காண்டாக்ட் சேர்ந்த அந்த நொடியில் இழுக்கும் காயிலின் இரண்டு முனையிலும் ஒரே வோல்டேஜ் வந்துவிடுவதால் அது ஓய்ந்துவிடும். பிடிக்கும் காயில்தான் மிச்சம். அதே நொடியில் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியரை இழுக்கிறது. பேட்டரி வீக்காக இருந்தால் வோல்டேஜ் தொபுக்கென்று விழும், பிடிக்கும் காயில் கைவிடும், பிளஞ்சர் திரும்பும். லோடு போனதும் வோல்டேஜ் ஏறும், மறுபடி இழுக்கும். அந்தச் சண்டையின் சத்தம்தான் டக டக.

அதனால் முதலில் பேட்டரி, அடுத்தது டெர்மினல், அதற்கும் பிறகுதான் சோலனாய்டு. பேட்டரியும் கேபிளும் நன்றாக இருந்தும் அடித்தால், பிடிக்கும் காயில் அறுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மல்டிமீட்டரில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது. பேட்டரி நல்லதுதானே?

சும்மா நிற்கும்போது 12.6 என்றால் முழுச் சார்ஜ் இருக்கிறது, அவ்வளவுதான். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12க்குக் கீழே போனால் சார்ஜ் போடாமல் மேற்கொண்டு எந்தச் சோதனையும் செய்ய வேண்டாம், எல்லாமே தப்பாகக் காட்டும். ஆனால் சார்ஜ் இருப்பதும் தெம்பு இருப்பதும் வேறு வேறு. பிளேட் உதிர்ந்த பேட்டரியும் 12.6 காட்டும், சாவியைத் திருப்பினால் 7க்கு விழும்.

மீட்டரைப் பேட்டரியில் வைத்தபடியே ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். 12 வோல்ட் வண்டி 9.6க்குக் கீழே போகக் கூடாது, 24 வோல்ட் வண்டி 19க்குக் கீழே போகக் கூடாது. டாப்பைத் திறக்க முடிகிற பேட்டரியாக இருந்தால் ஹைட்ரோமீட்டர் (ஆசிட் அடர்த்தி பார்க்கும் கருவி) போடுங்கள். முழுச் சார்ஜில் நம் வெயிலூர்ப் பேட்டரிகள் 1.240, 1.250 பக்கம் காட்டும். ஆறு செல்லும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒரு செல் மட்டும் 50 புள்ளி (0.050) பின்தங்கினால் அந்தப் பேட்டரியோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

புது பேட்டரி, புது செல்ஃப் போட்டும் மெதுவாகத்தான் சுற்றுகிறது. இனி என்ன?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கமே.

கரூர் பக்கம் ஒரு கல்குவாரியில் பேக்ஹோ (நாம் ஜேசிபி என்கிற வண்டி) ஒன்று நின்றது. பேட்டரி மாற்றியாயிற்று, செல்ஃபும் மாற்றியாயிற்று. சாவியைத் திருப்பினால் தூக்கக் கலக்கத்தில் எழுந்தவன்போல ஊ... ஊ... என்று இரண்டு சுற்று, அப்புறம் நின்றுவிடும். முதலாளி இன்ஜினைப் பிரிக்கத் தயாராகிவிட்டார். நான் மீட்டரைப் பேட்டரியில் வைத்துச் சுற்றச் சொன்னேன். 11.4 காட்டியது. அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது. இன்ஜின் இறுகியிருந்தால் செல்ஃப் கரண்ட்டை வாரி இழுக்கும், பேட்டரி 9க்கு விழ வேண்டும். பேட்டரி சுகமாக 11.4இல் நிற்கிறது, மோட்டாரோ சுற்ற முடியாமல் திணறுகிறது என்றால் கரண்ட் வழியில் எங்கேயோ தடுக்கப்படுகிறது.

பிளஸ் பக்கம் பார்த்தேன். பேட்டரியின் பிளஸ் போஸ்டுக்கும் செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் நடுவே மீட்டர், சுற்றும்போது 0.3 வோல்ட். பரவாயில்லை. எர்த் பக்கம், செல்ஃப் பாடிக்கும் பேட்டரி மைனஸ் போஸ்டுக்கும் நடுவே வைத்தால் 3.1 வோல்ட். அதாவது செல்ஃபுக்கு உண்மையில் போய்ச் சேர்ந்தது 8 வோல்ட். டிரைவர் சீட்டுக்குக் கீழே குனிந்து ஆக்சிலேட்டர் கேபிளைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. இன்ஜின் ரப்பர் மவுண்டிங்மேல் உட்கார்ந்திருக்கிறது, சேஸிஸோடு அதை இணைப்பது எர்த் பட்டை மட்டும்தான். அது ஒழுங்காகத் தொடாவிட்டால் கரண்ட் கிடைத்த வழியில் திரும்பும், அந்த மெல்லிய கேபிள் வழியாகக்கூட. வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்தபோது பட்டையைக் கழற்றி, பெயிண்டுக்கு மேலேயே போல்ட்டை முடுக்கியிருந்தார்கள். ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பெயிண்டைச் சுரண்டி, பட்டையின் லக்கை (போல்ட்டில் மாட்டும் முனை) உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப முடுக்கினேன். ஒரே திருப்பில் எடுத்தது. பழைய செல்ஃப் இன்னமும் அந்த முதலாளி வீட்டில் சும்மா கிடக்கிறது.

கரூரில் செய்த அந்த வோல்டேஜ் டிராப் சோதனையை, அதாவது வழியில் எவ்வளவு வோல்ட் வீணாகிறது என்று பார்ப்பதை, கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள்.

சரி. முதலில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் இருக்க ஸ்டாப் சோலனாய்டு (இன்ஜினுக்கு டீசலைத் திறந்து அடைப்பது) வயரைப் பிடுங்குங்கள். வண்டி நியூட்ரல், ஹேண்ட் பிரேக், டயருக்குக் கல். மீட்டர் டிசி வோல்ட்டில்.

சிவப்பு முனையைப் பேட்டரியின் ஈயப் போஸ்டின் தலையிலேயே குத்துங்கள், மேலே மாட்டியிருக்கும் டெர்மினலில் வேண்டாம். போஸ்டுக்கும் டெர்மினலுக்கும் நடுவில்தான் பல நாள் வெள்ளைப் பூ பூத்திருக்கும், அதையும் சேர்த்து அளக்க வேண்டும். கறுப்பு முனை செல்ஃபின் பெரிய போல்ட்டில். பல செல்ஃப்களில் அந்த இடத்தில் 30 என்று எண் அடித்திருக்கும், சின்ன ஸ்டார்ட் வயர் வருகிற இடத்தில் 50. இப்போது சுற்றச் சொல்லுங்கள். 12 வோல்ட் வண்டிக்கு அரை வோல்ட் வரை பொறுக்கலாம், 24க்கு ஒரு வோல்ட். அடுத்து கறுப்பு முனையை சோலனாய்டின் அந்தப்புறப் போல்ட்டுக்கு, அதாவது மோட்டாருக்குள் போகும் போல்ட்டுக்கு மாற்றுங்கள். சுற்றும்போது முதலில் பார்த்ததைவிட அளவு திடீரென்று கூடினால் சோலனாய்டு காண்டாக்ட் எரிந்திருக்கிறது. கடைசியாக எர்த் பக்கம். அங்கே 12 வோல்ட்டில் 0.2, 0.3க்கு மேல் எனக்குப் பிடிக்காது.

இவ்வளவு சின்ன எண்களுக்கு ஏன் இத்தனை அலட்டல் என்று கேட்கலாம். ஒரு டிப்பர் செல்ஃப் சுற்றும்போது 300, 400 ஆம்பியர் இழுக்கும், முதல் உதையில் அதைவிட இன்னும் அதிகம். 400 ஆம்பியர் போகும் வழியில் ஒரு ஓமில் இருநூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் காலி.

ஓம்ஸில் வைத்துக் கேபிளைச் சோதித்தேன், பஸர் அடித்தது. கேபிள் நல்லதுதானே?

கேபிளுக்குள் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் பஸர் அடிக்கும். மீட்டர் அனுப்புவது மிகச் சின்னக் கரண்ட், அதற்கு ஒற்றை இழை போதும். செல்ஃபுக்குப் போதாது. பெரிய கேபிளை லோடில் மட்டும்தான் சோதிக்க வேண்டும். மீட்டரே இல்லையென்றால் பத்து நொடி சுற்றிவிட்டு ஒவ்வொரு லக்காகக் கையால் தொட்டுப் பாருங்கள். சுடுகிற இடத்தில் கோளாறு.

லக்கைச் சுத்தியலால் தட்டி ஒட்ட வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கிரிம்பிங் டூல் உள்ள கடையில் ஐந்து நிமிட வேலை. விலை குறைவென்று செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், நுனியைச் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள்.

பொக்லைனில் சத்தமே இல்லை, லைட் நன்றாக எரிகிறது. செல்ஃப் நல்லது என்று மெக்கானிக் சொல்கிறார்.

சீட்டின் இடதுபக்கம் இருக்கும் சேஃப்டி லீவரைப் பாருங்கள், பெரும்பாலும் சிவப்பு. அது லாக் நிலையில் இல்லாவிட்டால் பல மாடல்களில் ஸ்டார்ட் ஆகவே விடாது. சிரிக்காதீர்கள், இதற்காக நான் நாற்பது கிலோமீட்டர் போயிருக்கிறேன். லீவரை லாக்கில் வைத்தும் எடுக்கவில்லை என்றால் லீவருக்குக் கீழே இருக்கும் சின்ன லிமிட் ஸ்விட்சில் மண் அடைத்திருக்கும். பேக்ஹோவில் இதே வேலையை முன்-பின் கியர் லீவரின் நியூட்ரல் ஸ்விட்ச் செய்கிறது. பேட்டரி கட்-ஆஃப் ஸ்விட்ச் இருந்தால் அதையும் பாருங்கள், அதன் உள் காண்டாக்ட் எரிவது சாதாரணம்.

செல்ஃபில் 50ஆம் நம்பர் முனையில் டெஸ்ட் லேம்ப் வைத்துச் சாவியைத் திருப்பினால் பாதிக் கேள்வி அங்கேயே தீரும். லேம்ப் நன்றாக எரிந்தால் கோளாறு செல்ஃப் பக்கம். எரியவில்லை என்றால் மேலே தேடுங்கள்.

அவசரத்துக்கு ஸ்பேனரை வைத்து செல்ஃபை டச் பண்ணலாமா?

கூடாது. இதில் நான் வளைந்து கொடுப்பதில்லை. ஸ்பேனரை வைக்கும்போது நியூட்ரல் ஸ்விட்சைத் தாண்டிவிடுகிறீர்கள். கியரில் இருந்தால் வண்டி அப்படியே நகரும். நீங்கள் நிற்பதோ டயருக்கும் சேஸிஸுக்கும் நடுவில். ‘இத்தனை வருஷமாக இப்படித்தான் எடுக்கிறோம்’ என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

சோதனைக்கு வேண்டுமானால் ரிமோட் ஸ்டார்ட் ஸ்விட்ச் என்று ஒன்று இருக்கிறது, இரண்டு கிளிப், ஒரு பட்டன். அதையும் கியர், பிரேக், டயர்க் கல் எல்லாம் பார்த்த பிறகு, டயரின் வழியில் நிற்காமல் அழுத்துங்கள்.

24 வோல்ட் வண்டி. இரண்டு பேட்டரியில் எப்போதும் ஒன்று மட்டும் சீக்கிரம் போகிறது. ஏன்?

பாட்டுப் பெட்டி எங்கிருந்து ஓடுகிறது என்று பாருங்கள். கேபின் ஃபேன், செல்போன் சார்ஜர், சாமி படத்துக்குச் சீரியல் லைட், எல்லாம் 12 வோல்ட். யாரோ ஒரே பேட்டரியில் இருந்து வயர் இழுத்திருப்பார்கள். அந்தப் பேட்டரி மட்டும் தினமும் இறங்கும். டைனமோவோ இரண்டுக்கும் சேர்த்து 28 வோல்ட் பக்கம் ஏற்றுகிறது, யார் நிரம்பினார்கள் யார் பட்டினி என்று அதற்குத் தெரியாது. இறங்கிய பேட்டரி நிரம்பாமலே சல்ஃபேட் பிடிக்கும், நிரம்பிய பேட்டரி ஓவர் சார்ஜில் கொதித்துத் தண்ணீரைக் குடிக்கும். 24க்கு 12 கன்வர்ட்டர் ஒன்று போட்டு இரண்டு பேட்டரிக்கும் பொதுவாக எடுங்கள். மாற்றும்போது ஜோடியாக, ஒரே ஆம்பியரில், ஒரே தேதியில் மாற்றுங்கள்.

‘விர்ர்’ என்று சுற்றுகிறது, இன்ஜின் அசையவில்லை.

பெண்டிக்ஸ், அதாவது செல்ஃபில் இருந்து முன்னே வந்து இன்ஜின் ஃப்ளைவீல் பல்லில் மாட்டும் சின்னப் பல்சக்கரம். அதற்குள் ஒருவழி கிளட்ச் இருக்கிறது. பல்லைக் கையால் திருப்பினால் ஒரு பக்கம் லேசாகச் சுற்ற வேண்டும், மறுபக்கம் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் சுற்றினால் மாற்றுங்கள். பெண்டிக்ஸை டீசலில் ஊறப்போட்டுக் கழுவாதீர்கள், உள்ளே அடைத்திருக்கும் கிரீஸ் கரைந்துவிடும்.

சில நேரம் எடுக்கிறது, சில நேரம் ‘கர்ர்ர்’ என்று அரைக்கிறது என்றால் ஃப்ளைவீல் ரிங் பல். இன்ஜின் நிறுத்தும்போது கம்ப்ரஷனில் முட்டிக் குறிப்பிட்ட இடங்களில்தான் நிற்கும். நாலு சிலிண்டர் என்றால் இரண்டு இடம், ஆறு சிலிண்டர் என்றால் மூன்று இடம். பெண்டிக்ஸ் வந்து மோதுவதும் அதே இடங்களில்தான். அதனால் மற்ற இடமெல்லாம் புதிதுபோல் இருக்கும், அந்த இரண்டு மூன்று இடம் மட்டும் எலி கடித்ததுபோல் இருக்கும். செல்ஃபைக் கழற்றிய ஓட்டை வழியாக டார்ச் அடித்து, இன்ஜினைக் கையால் முழுச் சுற்றுத் திருப்பிப் பார்த்துவிடுங்கள். கடித்த ரிங்கில் புது பெண்டிக்ஸ் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

செல்ஃபைப் பிரித்தால் எதையெதைப் பார்க்க வேண்டும்?

பிரஷ் புதியதில் பாதி நீளத்துக்கு வந்துவிட்டால் மாற்றுங்கள், ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதையும். கம்யூட்டேட்டரை (பிரஷ் உரசும் செம்பு உருளை) மெல்லிய உப்புத்தாளால் தேய்க்கலாம், எமரித்தாள் வேண்டாம். அதன் பொடி கரண்ட்டைக் கடத்தும், செம்புத் துண்டுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். லேத்தில் கடைசல் கொடுத்தால் நடுவில் உள்ள மைக்காவைச் சுமார் அரை மில்லிமீட்டர் பள்ளமாக எடுக்கச் சொல்லுங்கள்.

பலர் விட்டுவிடுவது புஷ். புஷ் (தண்டைத் தாங்கும் உலோகக் குழல்) தேய்ந்தால் ஆர்மேச்சர் (உள்ளே சுழலும் பகுதி) தாழ்ந்து உள்ளே இரும்பில் உரசும். பளபளவென்று ஒரு கீறல் பட்டை தெரியும். அந்தச் செல்ஃப் கரண்ட்டை மட்டும் நிறைய இழுக்கும், வேலை செய்யாது, சூடானால் இன்னும் மோசம். உள்ளே ஆயில் இருந்தால் கிராங்க் பின்பக்க ஆயில் சீலைப் பாருங்கள், சீலை மாற்றாமல் செல்ஃபை மட்டும் ரெடி செய்வது வீண்வேலை.

கம்யூட்டேட்டர் விளிம்பில் ஈயம் தெறித்து, வயர்கள் வெளியே கிளம்பியிருக்கிறது என்றால் இன்ஜின் ஓடிய பிறகும் செல்ஃப் விடாமல் மாட்டிச் சுற்றியிருக்கிறது. சாவி ஸ்விட்ச் திரும்பாமல் சிக்குகிறதா, சோலனாய்டு காண்டாக்ட் ஒட்டிக்கொள்கிறதா என்று பார்க்காமல் புதியதை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

தொடர்ந்து எத்தனை நொடி சுற்றலாம்?

முப்பது நொடிக்கு மேல் ஒருபோதும் வேண்டாம், பிறகு இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள். நான் பதினைந்து நொடியிலேயே நிறுத்தச் சொல்வேன். நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் கோளாறு செல்ஃபில் இல்லை. டீசல், காற்று, ஃபில்டர், ஸ்டாப் சோலனாய்டு பக்கம் போங்கள்.

திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி. காலையில் எடுக்கிறது, மதியம் நிறுத்திவிட்டு உடனே எடுத்தால் திணறுகிறது.

கம்ப்ரஸர் இன்ஜினாகத்தான் இருக்கும். ரிசீவரில் (காற்றுத் தொட்டி) காற்று நிற்கும்போது சுற்றினால் செல்ஃப் இன்ஜினோடு சேர்த்துக் கம்ப்ரஸரையும் அந்த அழுத்தத்தோடு இழுக்க வேண்டும். கேஜ் இறங்கும் வரை பொறுங்கள். இறங்கவே இல்லை என்றால் காற்றை வெளியே விடும் புளோ-டவுன் வால்வில் கோளாறு. இதே மாதிரி டிப்பரில் பிடிஓ (தொட்டி தூக்கும் பம்பை ஓட்டும் இணைப்பு) போட்டபடியே இருந்தாலும் சுற்றக் கஷ்டப்படும்.

சுற்றும்போது திடீரென்று ‘டங்’ என்று நின்றுவிட்டது. இன்னொரு பேட்டரி சேர்த்து அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீரோ டீசலோ இறங்கியிருக்கலாம். திரவம் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். செல்ஃபைக் கழற்றி இன்ஜினைக் கையால் பார் போட்டுத் திருப்புங்கள். ஓரிடத்தில் கல்லாக நின்றால் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டுத் திருப்பிப் பாருங்கள், ஓட்டையின் நேரே முகத்தை வைக்காமல்.

ஒரு மாதம் நிறுத்தி வைத்தேன், பேட்டரி காலி. யார் குடித்தது?

ஜிபிஎஸ் மாதிரி ஏதாவது. கணக்குப் போடுங்கள்: 50 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர், முப்பது நாளில் 36. ஏற்கெனவே அரைகுறையாக இருந்த பேட்டரிக்கு அது போதும். மைனஸைக் கழற்றி வையுங்கள்.

பக்கத்து வண்டியில் இருந்து கேபிள் போட்டு எடுக்கும்போது?

முதலில் இரண்டும் ஒரே வோல்ட்டா என்று பாருங்கள். 24 வோல்ட் டிப்பரில் இருந்து 12 வோல்ட் ஜேசிபிக்குக் கொடுத்தால் டிஸ்பிளேயில் இருந்து ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) வரை ஆபத்து. பிளஸ்ஸுக்குப் பிளஸ், நல்ல பேட்டரியின் மைனஸ், கடைசி முனையை நின்ற வண்டியின் இன்ஜின் பாடியில், பேட்டரிக்குத் தள்ளி மாட்டுங்கள். கடைசி முனையில் பொறி பறக்கும், பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் இருக்கும்.

வண்டியில் வெல்டிங் செய்யும்போதும் பேட்டரியையும் ஈசிஎம் கனெக்டரையும் கழற்றிவிட்டு, வெல்டிங் எர்த்தைப் பற்றவைக்கும் இடத்துக்கு ஒட்டியே மாட்டச் சொல்லுங்கள்.

டெர்மினலில் பூக்கும் வெள்ளையை என்ன செய்வது?

மைனஸை முதலில் கழற்றுங்கள். ஆப்பச் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்துக் கழன்றுவிடும், செல்லுக்குள் மட்டும் போகக் கூடாது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். காய்ந்ததும் முடுக்கி, அப்புறம்தான் மேலே வாஸ்லின். முதலில் தடவிவிட்டு முடுக்க வேண்டாம்.

புது செல்ஃப் வாங்கப் போகிறேன்.

பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். வோல்ட், கிலோவாட், சுற்றும் திசை, போல்ட் ஓட்டை, பெண்டிக்ஸ் பல் எண்ணிக்கை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். பல்லைக் கடைக்காரரே எண்ணிச் சொன்னாலும் நீங்களும் ஒருமுறை எண்ணுங்கள்.